வழி தவறிய கோபிநத்தம் வாலிபன்

2000-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி, திங்கட்கிழமை. அன்று பெங்களூர் வழக்கம்போல் விடியவில்லை. பஸ்கள் ஓடவில்லை. கடைகள் திறக்கவில்லை. தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் கதவை மூடிக்கொண்டன. கன்னடத் திரை உலகின் ஒப்பற்ற நடிகர் டாக்டர் ராஜ்குமாரை முந்தின நாள் இரவு வீரப்பன் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்ற செய்தி ஊர் முழுவதும் பரவியிருந்தது.

அடுகோடி, நீலசந்திரா, அல்சூர், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் மிகுந்து வாழும் பகுதிகளில் அன்று ஒரே கவலை. 1991-ம் ஆண்டு டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது நடந்த கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். வேலைக்குப் போன கணவன் திரும்பும் வரை மனைவிக்கு நிம்மதி இல்லை. தெருவில் தாய்மொழியில் உரக்கப் பேசவும் தயக்கம்.

ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளியும், மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவும் வீரப்பனை ஒருநாளும் கண்டதில்லை. அவன் வெட்டிய சந்தனத்தில் ஒரு சிராய்கூட அவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனாலும் அவன் செய்த காரியத்துக்கு அவர்கள் கதவைத் தாழிட வேண்டியிருந்தது.

காட்டு ஓரத்தில் மாடு மேய்த்த ஒரு சிறுவன், இரண்டு மாநிலங்களை நடுங்க வைக்கும் நிலைக்கு எப்படிப் போனான்? அவன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது விளங்கும்.

எல்லையில் பிறந்தவன்

மாதேசுவரன் மலைக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே, காவிரிக்குப் பக்கத்தில் காடு சூழ்ந்த சிற்றூர் கோபிநத்தம். அங்கே 1952-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பிறந்தவன் வீரப்பன். தந்தை பெயர் கூசே முனிசாமி. தாய்மொழி தமிழ்.

அவன் பிறந்தபோது அந்த ஊர் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்துடன் சேர்க்கப்பட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது; ராஜ்யம் மாறிவிட்டது. இப்போது அது கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. பிற்காலத்தில் அவன் கடத்திய ராஜ்குமாரும் அதே பழைய கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்தவர்தான். தாளவாடி அருகே உள்ள காஜனூர் அவர் ஊர். பிறந்த ஆண்டு 1929. எல்லை பிரித்தபோது கன்னட நடிகரின் ஊர் தமிழ்நாட்டில் தங்கியது. தமிழ்ச் சிறுவனின் ஊர் கர்நாடகத்துக்குப் போனது.

இருவருமே பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காராதவர்கள். இருவருமே காட்டோரத்து ஏழைப் பிள்ளைகள். ராஜ்குமாரைச் சின்ன வயதிலேயே தந்தை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றார். குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனி அவருக்குப் பாட்டும் நடிப்பும் கற்றுக் கொடுத்தது. வீரப்பனுக்கு வாய்த்த வாத்தியார் வேறு மாதிரி.

கையில் வந்த துப்பாக்கி

கோபிநத்தத்தில் மழை குறைவு; விளைச்சலும் குறைவு. ஆடு மாடு மேய்ப்பதும், காட்டிலிருந்து கிடைப்பதை எடுத்து விற்பதும்தான் பலருக்குப் பிழைப்பு. மேய்ச்சலுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்தப் புதரில் யானை ஒதுங்கும், காற்று எந்தப் பக்கம் வீசினால் மிருகம் மோப்பம் பிடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கத்தில் வந்த அறிவு.

இந்த அறிவு வனக்காவலர் வேலைக்கும் உதவும். காட்டை ஆராய வருபவர்களுக்கு வழிகாட்டவும் உதவும். திருட்டு வேட்டைக்கும் உதவும். அந்த நாளில் அதைத் தேடி முதலில் வந்தது திருட்டு வேட்டைதான்.

அந்தப் பகுதியில் சேவி கவுண்டர் என்று ஒரு வேட்டைக்காரர் இருந்தார். அவரிடம்தான் வீரப்பன் தொழில் கற்றான். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது, குறி பார்ப்பது, சத்தமில்லாமல் நடப்பது எல்லாம் அங்கே படித்த பாடங்கள். மீசை முளைக்கும் வயதிலேயே அவன் யானையைச் சுட்டு வீழ்த்திவிட்டான் என்று சொல்வார்கள்.

அவன் ஏன் சுட்டான்? பசி ஒரு காரணம். ஆனால் அந்தக் காட்டில் பசித்தவர்கள் எல்லாரும் யானையைச் சுடவில்லை. தந்தத்தை வாங்க ஆள் இருந்தது. அதுதான் பெரிய காரணம். ஒரு ஜோடித் தந்தத்துக்கு நகரத்தில் கிடைத்த விலை வேறு, காட்டில் சுட்டவனுக்குக் கிடைத்த கூலி வேறு. நடுவிலே எத்தனையோ கைகள். அந்தக் கைகளில் காவல்துறைக்கு அகப்பட்டவை மிகச் சில. கடைசிக் கையாக நின்றது கோபிநத்தத்து வாலிபன் கை.

1972-ம் ஆண்டு அவன் முதன்முறையாகக் கைதானான். வயது 20. மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். அப்போது அவன் மனிதனைக் கொன்றவனாகத் தேடப்படவில்லை. திரும்பி வர வழி இருந்தது. அவன் திரும்பவில்லை.

ஒரு பிரெஞ்சுப் படம்

இப்படி வாலிபன் வழி தவறும் கதையைப் பிரான்சு நாட்டில் ஒருவர் சினிமாவாக எடுத்தார். ராபர்ட் பிரெசோன் என்ற அந்த டைரக்டர் 1901-ல் பிறந்து 1999-ல் மறைந்தவர். 1983-ம் ஆண்டு அவர் எடுத்த கடைசிப் படத்தின் பெயருக்குப் பணம் என்று பொருள். ருஷ்ய மேதை டால்ஸ்டாய் எழுதிய ஒரு கதையைத் தழுவியது அது. ஆட்டம் இல்லை, பாட்டு இல்லை, கண்ணீர் வசனம் இல்லை. நடந்ததை நடந்தபடி காட்டும் படம்.

கதை இதுதான். வசதியான வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒரு கள்ளநோட்டை ஒரு கடையில் மாற்றிவிடுகிறார்கள். கடைக்காரர் ஏமாந்ததை உணர்கிறார். ஆனால் நஷ்டத்தைத் தாங்க மனமில்லை. எண்ணெய் கொண்டுவந்து ஊற்றும் ஏழைத் தொழிலாளி ஒருவனுக்குக் கள்ளநோட்டுகளைக் கொடுத்துத் தள்ளிவிடுகிறார். அவன் அதைச் செலவழிக்கும்போது மாட்டிக்கொள்கிறான். கடைச் சிப்பந்தி கோர்ட்டில் பொய் சொல்கிறான். தொழிலாளிக்கு வேலை போகிறது. பிறகு கொள்ளைக்காரனுக்குக் கார் ஓட்டப் போகிறான். ஜெயில். குழந்தை சாகிறது. மனைவி பிரிகிறாள். வெளியே வரும்போது அவன் கொலைகாரனாகவே ஆகிவிடுகிறான்.

நோட்டைக் கை மாற்றிவிட்ட பையன்கள் மேலே நிற்கிறார்கள். அது கீழே இறங்க இறங்க, பாரம் ஏழையின் தலையில் விழுகிறது. ஆனால் கடைசியில் கோடாரியை எடுத்தவன் அந்த ஏழையேதான். அந்தக் குற்றத்தைப் படம் மன்னித்து விடவில்லை. வீரப்பன் கதையையும் இந்த இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். அவனைத் தள்ளிவிட்ட கைகளும் உண்டு. அவனாகவே எடுத்து வைத்த அடிகளும் உண்டு.

தந்தத்திலிருந்து சந்தனத்துக்கு

ஆசிய யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம் உண்டு. ஆண் யானைகளாகப் பார்த்துச் சுட்டதால், காட்டில் கொம்பன் யானைகள் குறைந்தன. வீரப்பன் கும்பல் கொன்ற யானைகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் என்பார்கள். 2,000 வரை என்று சொல்பவர்களும் உண்டு. 1977-ல் யானைக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. 1986-ல் இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கே தடை வந்தது. தந்தம் கிடைப்பதும் கடினம், விற்பதும் கடினம் என்றாயிற்று.

அவன் சந்தன மரத்துக்குத் தாவினான்.

மைசூர்ச் சீமையில் சந்தனம் திப்பு சுல்தான் காலத்திலிருந்தே அரசாங்கச் சொத்து. சொந்த நிலத்தில் சந்தன மரம் தானாக முளைத்தாலும் குடியானவனுக்கு அதில் உரிமை இல்லை. இந்தக் கட்டுப்பாடு கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும்தான் தளர்ந்தது. எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் சிற்ப வேலைக்கும் சந்தனம் வேண்டும். தேவை அதிகம், நேர் வழியில் கிடைப்பது குறைவு. அப்படி இருந்தால் திருட்டு வழி பெருகும். மலைக்கிராமத்து ஆட்கள் நாள் கூலிக்கு மரம் வெட்டினார்கள். செதுக்கிய கட்டைகள் தலைச்சுமையாக இறங்கி லாரி ஏறின. அந்த லாரிகள் போய்ச் சேர்ந்த இடங்களில் நல்ல வீடுகள் எழுந்தன. வெட்டியவன் குடிசை குடிசையாகவே இருந்தது.

1986-ம் ஆண்டு வீரப்பன் மீண்டும் பிடிபட்டான். சாம்ராஜ்நகர் பக்கத்துப் பூதிப்படுகா காட்டு விடுதியில் அவனை வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவன் தப்பினான். எப்படித் தப்பினான் என்பதைப் பற்றிப் பல கதைகள் உலவின. அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் அவன் எந்தப் போலீஸ் கையிலும் சிக்கவில்லை.

ரத்தம் படிந்த ஆண்டுகள்

1987-ல் சத்தியமங்கலம் காட்டில் தமிழ்நாட்டு வனத்துறை ரேஞ்சர் சிதம்பரத்தை அவன் கும்பல் கடத்திக்கொண்டு போய்க் கொன்றது. அதன் பிறகு வரிசையாகக் கொலைகள். போட்டிக் கும்பல்காரர்கள், காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகப்பட்ட கிராமத்தார், வனக்காவலர்கள், போலீசார் என்று யாரையும் விடவில்லை. 1990-ல் கர்நாடக அரசு அவனைப் பிடிக்கத் தனி அதிரடிப்படை அமைத்தது. பின்னர் தமிழ்நாடும் படை இறக்கியது.

இந்தக் காலத்தில் கோபிநத்தத்தில் ஒரு நல்ல மனிதர் நடமாடினார். அவர் பெயர் சீனிவாஸ். ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்தில் பிறந்து, இந்திய வனப்பணியில் சேர்ந்தவர். கர்நாடக வனத்துறையில் துணை வனப் பாதுகாவலர். துப்பாக்கியால் மட்டும் இந்தக் கதை முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டார். அந்த ஊரிலேயே வந்து தங்கினார். வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்தார். ஊராருக்கு மாரியம்மன் கோயில் கட்ட முன்நின்றார். கும்பலில் இருந்த பலரைப் பேசிப் பேசியே சரணடையச் செய்தார். கோபிநத்தத்துப் பிள்ளைகளுக்கு நல்ல வாத்தியார் ஒருவர் கிடைத்தார் என்றால் அவர்தான். ஆனால் வீரப்பனுக்கு அவர் 20 ஆண்டு தாமதமாக வந்தார்.

ஆயுதமில்லாமல் வந்தால் சரணடையத் தயார் என்று வீரப்பன் பக்கத்திலிருந்து செய்தி போயிற்று. சீனிவாஸ் நம்பினார். 1991-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் நடந்தார். எரக்கேயம் என்ற இடத்தில் அவரைச் சுட்டுத் தலையையும் வெட்டினார்கள். அவருக்கு வயது 37. மத்திய அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது அளித்தது. கோபிநத்தம் மக்கள் அவரைத் தெய்வத்துக்குச் சமமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவன் வீரப்பன். அந்த ஊர் போற்றுவது சீனிவாசை. வீரப்பனை வீரன் என்று பேசுகிறவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடக் கூடாது.

1992-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி, பொய்த் தகவல் கொடுத்து மீண்யம் அருகே வரவழைத்து, கர்நாடகப் போலீஸ் சூப்பிரண்டு ஹரிகிருஷ்ணாவையும் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவையும் இன்னும் நாலு பேரையும் கொன்றார்கள். 1993-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி பாலாறு அருகே பாதையில் கண்ணிவெடி வைத்தார்கள். போலீசார், வனக்காவலர்கள், தகவல் சொல்ல உடன் வந்தவர்கள் என 22 பேர் மாண்டனர்.

அடுகோடியில் தமிழ்த் தொழிலாளர் வீடுகளும் உண்டு. ஆயுதப்படைப் போலீசாரின் குடியிருப்பும் உண்டு. காட்டுக்குப் போன போலீஸ்காரனும் சம்பளத்துக்கு வேலை செய்தவன்தான். அவனுக்கும் ஊரில் தாய் தகப்பன், பள்ளிக்குப் போகும் பிள்ளை. வீரப்பன் கும்பல் கொன்றவர்கள் 180 பேருக்கு மேல் என்பது போலீஸ் கணக்கு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போலீசாரும் வனத்துறையினரும்.

இரண்டு பக்கமும் அடி

மலைக்கிராம மக்களின் பாடு இன்னும் மோசம். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தால் போலீஸ் பிடிக்கும். போலீசுக்குத் தகவல் கொடுத்தால் வீரப்பன் கொல்வான். இரண்டும் செய்யாதவனையும் இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டது.

தேடுதல் வேட்டை என்ற பெயரில் அதிரடிப்படையினர் செய்த கொடுமைகளைப் பற்றி ஏராளமான புகார்கள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அதன் பயனாக 2007-ல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கச் சொல்லியது ஆணையம். தடா சட்டத்தில் 120-க்கு மேற்பட்டவர்கள் கைதாகி மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2001-ல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 100-க்கு மேற்பட்டோர் விடுதலையானார்கள். குற்றம் நிரூபணம் ஆகாத அத்தனை பேரும் இழந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

தர்மபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி என்று ஒரு மலைவாழ் மக்கள் கிராமம். 1992-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீரப்பன் அந்த ஊரில் இல்லை. சந்தனம் என்ற சொல் ஒன்றே அந்த மக்களுக்குக் கேடாயிற்று. 269 பேர் மீது வழக்கு. 2011-ல் தர்மபுரி கோர்ட்டு உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. நீதி கிடைக்க 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

108 நாட்கள்

2000-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஞாயிறு இரவு. காஜனூரில் தம் வீட்டில் இருந்த ராஜ்குமாரை வீரப்பன் துப்பாக்கி முனையில் அழைத்துப் போனான். அவருடைய மருமகன் உள்பட மேலும் மூவரும் உடன் போக நேர்ந்தது. அப்போது ராஜ்குமாருக்கு வயது 71.

அதுவரை சந்தனக் கடத்தல்காரன் என்று அறியப்பட்டவன், இப்போது தமிழர் நலன் பேசினான். காவிரி நீர், கர்நாடகத்தில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி, 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு, பெங்களூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது, சிறையிலுள்ள தடாக் கைதிகளின் விடுதலை என்று கோரிக்கைப் பட்டியல் நீண்டது.

அந்தக் கோரிக்கைகளில் சில, பெங்களூர்த் தமிழர்கள் தாங்களே மனத்தில் வைத்திருந்தவைதான். ஆனால் அவற்றை அவன் வாயால் சொன்னதுமே நியாயம் பழுதாகிவிட்டது. அவர்கள் பெயரால் பேச அவனை யாரும் நியமிக்கவில்லை. அவன் காட்டில் பத்திரமாக இருந்தான். பேச்சின் விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நகரத்தில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு பண்டிகைப் பலகாரம் பரிமாறிக்கொண்டவர்கள், முகத்தைப் பார்க்கக் கூச்சப்படும்படி ஆயிற்று.

இரண்டு அரசுகளும் தூதர்களை அனுப்பின. நக்கீரன் கோபால் பலமுறை காட்டுக்குப் போய் வந்தார். பழ. நெடுமாறனும் சென்றார். தடாக் கைதிகள் மீதான வழக்கை விலக்கிக்கொள்ள அரசு முன்வந்தபோது, கொல்லப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு அந்த முடிவைத் தடுத்துவிட்டது. ஒரு பெரிய நடிகரின் உயிருக்காக நாடே தவித்தபோது, மகனை இழந்த தந்தையின் துயரமும் கணக்கில் வர வேண்டும் என்பதை அந்த வழக்கு நினைவூட்டியது.

108 நாட்களுக்குப் பிறகு, நவம்பர் 15-ந் தேதி ராஜ்குமார் விடுதலையானார். பெங்களூர் மூச்சு விட்டது. பெங்களூர்த் தமிழர்களும் மூச்சு விட்டார்கள்.

திருவள்ளுவர் சிலை என்ன ஆயிற்று? பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் அல்சூர் ஏரி அருகே 1991-ல் நிறுவிய அந்தச் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. இரு மாநில முதல்வர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் முதல்வர் கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. துப்பாக்கியால் திறக்க முடியாத சிலையை நட்பு திறந்தது.

கடைசிப் பயணம்

2002-ம் ஆண்டு ஆகஸ்டில் கர்நாடக முன்னாள் மந்திரி நாகப்பாவை வீரப்பன் கடத்தினான். டிசம்பரில் அவர் காட்டில் பிணமாகக் கிடந்தார். அதன்பின் அவன் மீது யாருக்கும் இரக்கம் மிச்சமில்லை.

அவனுக்கும் வயதாகிவிட்டது. கண் பார்வை மங்கியது. கூட இருந்தவர்கள் பலர் செத்தார்கள், பலர் பிடிபட்டார்கள். விஜயகுமார் தலைமையிலான தமிழ்நாடு அதிரடிப்படை, காட்டுக்குள் அவனைத் தேடுவதை விட்டு அவனை வெளியே வரவைக்கத் திட்டம் போட்டது. கண் வைத்தியத்துக்குப் போகலாம் என்று நம்பவைத்து ஓர் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். 2004-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி இரவு தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அந்த வண்டியை மறித்துச் சுட்டார்கள். வீரப்பனும் சேத்துக்குளி கோவிந்தன் முதலிய மூன்று கூட்டாளிகளும் இறந்தனர். அவனுக்கு வயது 52. சரணடையச் சொன்ன நம்பிக்கையில் சீனிவாசைக் காட்டுக்கு வரவழைத்தவன், வைத்தியம் என்ற நம்பிக்கையில் காட்டை விட்டு வெளியே வந்தான்.

மேட்டூர் அருகே மூலக்காட்டில் அவனைப் புதைத்தார்கள். தந்தமும் சந்தனமும் கோடி கோடியாகக் கை மாறின என்பார்கள். அவனோ வாழ்க்கையில் பெரும்பகுதியைப் பாறை இடுக்கிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் கழித்தான். பெற்ற மகள்களை மடியில் வைத்து வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவன் சரக்கை வாங்கி விற்றவர்களில் யாரும் பாறை இடுக்கில் படுக்கவில்லை.

ராஜ்குமார் 2006-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி மறைந்தார். வீரப்பன் திரிந்த சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. யானைகள் மறுபடி குட்டிகளோடு நடமாடுகின்றன.

யார் கையைப் பிடித்தார்கள்?

ஒரே ஜில்லாவில் பிறந்த இரண்டு ஏழைப் பிள்ளைகள். ஒருவரைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். இன்னொருவன் பெயரைக் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். ஏழ்மை இருவருக்கும் பொது. வழி காட்டிய கைகள்தான் வேறு.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த குடும்பங்களில் தகப்பன் ஒரு ஷிப்டு, தாய் ஒரு வேலை. பிள்ளை மாலையில் யாரோடு நிற்கிறான் என்று பார்க்க நேரம் இருப்பதில்லை. ஒரு சாமானை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், கை நிறையக் காசு என்று சொல்ல எந்த நகரத்திலும் ஆள் இருக்கிறது. அந்தச் சாமான் தந்தமாக இருக்க வேண்டியதில்லை. சொல்கிறவன் ஒருநாளும் மாட்டிக்கொள்ள மாட்டான். மாட்டிக்கொள்வது கொண்டுபோகிற பையன்தான். 20 வயதில் முதல் முறை பிடிபடும்போது அவனை அழைத்து உட்கார வைத்துப் பேச ஒருவர் இருந்தால், பல உயிர்கள் தப்பும்.

கோபிநத்தத்து வாலிபனுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வந்த ஒருவரையும் அவனே கொன்றான். அவன் வாழ்க்கையில் எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றமும் அதுவே, பெரிய நஷ்டமும் அதுவே.